மனுவை முதலில் படிப்பது யார்?

"தோழர், காசு கட்டாம வீட்டுலயே பி.டி.எஃப். எடிட் பண்ண ஏதாவது இருக்கா?"

இளம்பிள்ளைப் பக்கம் ஒரு காலனியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் மாணவர்களோடு உட்காருவது வழக்கம். அங்கே ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்வி இது. அவருடைய அப்பா, அம்மா இருவரும் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர்கள். கல்வி உதவித்தொகைக்காகச் சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, சொன்ன அளவுக்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். மூன்று முறை கடைக்குப் போயிருக்கிறார். மூன்று முறையும் காசு கொடுத்திருக்கிறார். மூன்று முறையும் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று இணையத்தளம் திருப்பிவிட்டது.

இரண்டு மென்பொருள்களின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டோம். சின்ன விஷயம் என்றுதான் நினைத்தோம். திரும்பி வரும் வழியில்தான் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்து உறுத்தியது.

சில வருடங்களுக்கு முன்பு, வன்கொடுமைப் புகார் கொடுக்க ஒரு குடும்பத்தோடு நின்றோம். கையால் எழுதிய மனுவைத் தட்டச்சு செய்து, புகைப்படங்களைச் சேர்த்து, ஒரே பி.டி.எஃப். ஆக்கித் தரும்படி ஒரு கடையில் கொடுத்தோம். மறுநாள் காலையில் காவல் நிலையத்துக்குப் போவதாகத் திட்டம். அன்றிரவே எதிர்த்தரப்பு ஆட்கள் அந்தக் குடும்பத்தின் வாசலில் வந்து நின்றார்கள். மனுவில் யார் யார் பெயர் இருக்கிறது, யார் சாட்சி என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாட்சி சொல்வதாக இருந்தவர் மறுநாள் வரவில்லை.

கடைக்காரர் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கடைக் கணினியின் முகப்பைப் பாருங்கள். நேற்று வந்தவரின் ஆதார், முந்தாநாள் வந்தவரின் பத்திரம், இன்று காலை வந்தவரின் புகார் எல்லாம் வரிசையாக அங்கேயே கிடக்கும். அடுத்து வருகிறவர் எட்டிப் பார்த்தால் போதும். சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். கடை இருப்பது ஊரில், நாம் இருப்பது காலனியில்.

ஆகவே அந்த மாணவியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. நம் மனுவை முதலில் படிப்பது யார்? காவல் ஆய்வாளரா, மாவட்ட ஆட்சியரா, இல்லை நாம் யார்மீது புகார் சொல்கிறோமோ அவர்களா? அந்த வேலையை நம் வீட்டில், நம் கணினியில் செய்ய முடிந்தால் பதிலே மாறிவிடும். அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

பி.டி.எஃப். யாருடைய சொத்தும் அல்ல

பி.டி.எஃப். வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் அக்ரோபேட் மென்பொருளை வாங்கினால்தான் திருத்த முடியும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அதற்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் 2008-லேயே பி.டி.எஃப். ஐ.எஸ்.ஓ. 32000 என்ற பன்னாட்டுத் தரமாக ஆகிவிட்டது. அந்த வடிவத்தைப் படிக்கவும் எழுதவும் திருத்தவும் யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதலாம். உலகம் முழுக்கப் பலர் எழுதி, காசில்லாமல் கொடுத்தும் இருக்கிறார்கள்.

தமிழில் இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசமாகக் கொடுத்தவர் நாளை நிறுத்திவிடலாம். கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தவும், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கவும், பிரித்துப் பார்த்து மாற்றவும் அதன் உரிமமே நமக்கு உரிமை தருகிறது. இங்கே யாரும் நமக்குத் தருமம் செய்யவில்லை. உரிமைக்கும் தயவுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பி.டி.எஃப். என்பது தறியிலிருந்து அறுத்து எடுத்த சேலை மாதிரி. வெட்டலாம், ஒட்டலாம், மடிக்கலாம், மேலே ஒன்றைத் தைக்கலாம். நெய்த நூலைப் பிரித்து வேறு டிசைன் போடுவதுதான் கஷ்டம். எழுத்தையே மாற்ற வேண்டுமென்றால், மூலக் கோப்பு நம்மிடம் இருக்க வேண்டும். நல்லவேளையாக, நமக்குத் தேவைப்படும் வேலைகளில் பெரும்பாலானவை வெட்டுவதும் ஒட்டுவதும் மேலே எழுதுவதும்தான்.

எந்த வேலைக்கு எது

படிவத்தின் மேல் எழுத: பயர்பாக்ஸ் உலாவி போதும். கணினியில் உள்ள பி.டி.எஃப். கோப்பை அதிலேயே திறக்கலாம். மேலே உள்ள பட்டையில் எழுத்து சேர்க்க, கோடு வரைய, படம் சேர்க்கப் பொத்தான்கள் இருக்கின்றன. வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்தைப் படம் எடுத்து இதிலேயே வைத்துவிடலாம். கோப்பு நம் கணினியைவிட்டு எங்கும் போகாது. இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்து பாருங்கள், வேலை நடக்கும்.

சேர்க்க, பிரிக்க: பி.டி.எஃப். அரேஞ்சர், பி.டி.எஃப்.சாம் பேசிக் இரண்டும் கட்டற்றவை. அரேஞ்சரில் பக்கங்கள் சின்னச் சின்னப் படங்களாகத் தெரியும். இழுத்து வரிசை மாற்றலாம், திருப்பலாம், வேண்டாததை நீக்கலாம். பி.டி.எஃப்.சாமில் காசுக்கான பதிப்புகளும் உண்டு. பேசிக் என்று பெயர் இருப்பதைப் பார்த்து இறக்குங்கள்.

இதற்கு ஒரு பயிற்சியும் சொல்கிறோம். மராட்டிய அரசு 1979 முதல் வெளியிட்டுவரும் அண்ணல் அம்பேத்கரின் ஆங்கிலத் தொகுதிகள், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இணையத்தளத்தில் பி.டி.எஃப். கோப்புகளாகக் கிடைக்கின்றன. முதல் தொகுதியை இறக்கி, அதிலிருந்து 1936-ல் வெளிவந்த 'சாதியை அழித்தொழித்தல்' பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். படிப்பு வட்டத்துக்குக் கொடுக்க ஒரு கையடக்கக் கோப்பு கிடைக்கும். பக்கம் பிரிக்கவும் பழகிவிடுவீர்கள்.

அளவைச் சுருக்க: லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் டிரா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பை அதில் திறந்து, மறுபடி பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்யும்போது படத்தின் தரத்தைக் குறைக்கச் சொல்லும் கட்டம் வரும். 150 டி.பி.ஐ. வைத்தால் எழுத்து தெளிவாகவே இருக்கும், அளவு பெரிதும் குறையும். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். அந்த மாணவியின் பிரச்சினை இப்படித்தான் தீர்ந்தது. பத்து நிமிட வேலை.

படத்திலிருந்து எழுத்தை எடுக்க: டெசரக்ட் என்ற மென்பொருள் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தில் தொடங்கியது. 2005-ல் கட்டற்றதாக வெளிவந்தது. தமிழும் படிக்கும். கட்டளைகள் எழுதப் பழக்கமில்லாதவர்கள் ஜி-இமேஜ்-ரீடர் வழியாக அதைப் பயன்படுத்தலாம். தெளிவான அச்சு என்றால் நன்றாக வரும். மங்கலான நகல் என்றால் தப்பு வரும். பெயர், தேதி, சர்வே எண் ஆகியவற்றைக் கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

கணினியே இல்லை, போன்தான் இருக்கிறது என்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு போனில் பிரின்ட் கொடுத்து, பிரின்டருக்குப் பதிலாக 'பி.டி.எஃப். ஆகச் சேமி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்தெந்தப் பக்கம் வேண்டும் என்றும் அங்கேயே குறிக்கலாம். நாற்பது பக்கக் கோப்பிலிருந்து மூன்று பக்கத்தைப் பிரிக்கத் தனி ஆப் தேவையில்லை.

தமிழ் ஏன் உடைகிறது

ஆங்கிலக் கோப்பு என்றால் டிராவில் திறந்து சொல்லையே மாற்ற முடியும். தமிழ்க் கோப்பைத் திறந்தால் பல நேரம் 'கொ' உடைந்து, ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் மீதி ஒரு பக்கமுமாகக் கிடக்கும். நம் கணினியில் பழுது எதுவும் இல்லை. பி.டி.எஃப். கோப்பு எழுத்தின் உருவத்தைத்தான் பக்கத்தில் அடுக்கி வைக்கிறது. நாம் தட்டச்சு செய்த வரிசை அதில் அப்படியே இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பழைய எழுத்துருக்களில் செய்த கோப்பு என்றால் நகலெடுத்து ஒட்டும்போது ஆங்கிலக் குப்பையாக வரும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் செய்த படிவங்கள் நம் கைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இதற்கு ஒரே வழி, மூலத்தை நாமே வைத்திருப்பது. மனுவை லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் யூனிகோடில் எழுதுங்கள். பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்யும்போது 'ஹைபிரிட் பி.டி.எஃப்.' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். பார்க்கிறவருக்கு அது சாதாரண பி.டி.எஃப். நாம் மறுபடி லிப்ரே ஆபிஸில் திறந்தால், உள்ளேயே மூலக் கோப்பு இருக்கும். தமிழ் உடையாமல் திருத்தலாம். அலுவலகத்துக்குக் கொடுப்பதைச் சாதாரண பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள், ஹைபிரிட் நம்மிடம் இருக்கட்டும்.

இலவசத் தளங்களின் விலை

'இணையத்தில் போட்டால் ஒரு நிமிடத்தில் சேர்த்துத் தருகிறதே, எதற்கு இதெல்லாம்?' என்று கேட்பீர்கள். அங்கே வேலை நடப்பது பெரும்பாலும் அவர்களுடைய கணினியில். நம் கோப்பு முழுசாக அங்கே போய்விடுகிறது. சினிமா பாட்டுப் புத்தகம் என்றால் போகட்டும். ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கையையோ, முதல் தகவல் அறிக்கையையோ, சாட்சிகளின் முகவரியையோ அப்படி ஏற்றலாமா? 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பின் டென்வர் அலுவலகமே, கோப்பு மாற்றித் தரும் சில இலவசத் தளங்கள் கணினிக்குள் தீய மென்பொருளை ஏற்றுகின்றன என்று எச்சரித்தது. 'கிராக்' போட்ட அக்ரோபேட்டும் இதே ரகம்தான். பூட்டை உடைத்துக் கொடுத்தவன் வேறு எதைத் திறந்து வைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது.

இன்னொரு தவறு நம் தோழர்களிடமே இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் பெயர் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து, முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பகிர்கிறோம். கட்டத்துக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெயர் வந்துவிடும். 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் பிரச்சார மேலாளர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்திலேயே இதுதான் நடந்தது. கறுப்படித்த வரிகளைப் பத்திரிகையாளர்கள் நகலெடுத்துப் படித்துவிட்டார்கள். பெரிய வழக்கறிஞர்களுக்கே நடந்தது நமக்கு நடக்காதா? நம் விஷயத்தில் இது வெறும் சங்கடத்தோடு முடியாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் இருக்கிறது. நியாயம் கேட்கப் போன நாமே அவர்களை இன்னொரு முறை காயப்படுத்துகிறோம்.

லிப்ரே ஆபிஸில் 2019-ல் வந்த 6.3 பதிப்பிலிருந்து, டூல்ஸ் பட்டியலில் 'ரிடாக்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது பக்கத்தையே படமாக மாற்றிவிடும். நாம் மறைத்த இடத்துக்குக் கீழே எழுத்து எதுவும் இருக்காது. பகிரும் முன் அதைச் செய்யுங்கள். பிறகு நீங்களே ஒருமுறை நகலெடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

கை வைக்கக் கூடாதவை

இங்கே கறாராகவே சொல்கிறோம். சான்றிதழில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அதைத் திருத்த வேண்டியது தாசில்தார் அலுவலகம். நாம் திருத்தினால் அதற்குப் பெயர் போலி ஆவணம். மின்கையொப்பம் உள்ள சான்றிதழை வேறு மென்பொருளில் திறந்து சேமித்தாலே அந்தக் கையொப்பம் செல்லாமல் போகலாம். ஆகவே மூலத்தைத் தனி உறையில் வைத்துவிட்டு, நகலில் மட்டும் சேர்ப்பது, சுருக்குவது எல்லாம் செய்யுங்கள். ஆதாரமாகக் கொடுக்கப்போகும் காணொளியும் புகைப்படமும் அப்படியே. பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு கொடுக்கும் சான்றில் அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

இதை இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆட்கள் மேலே வந்தால் முதலில் கிளம்பும் குற்றச்சாட்டே 'போலிச் சான்றிதழ்' என்பதுதான். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். கதையை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் காசு கட்டும் மென்பொருளுக்குப் பதில் லினக்ஸையும் ஓப்பன் ஆபிஸையும் கொண்டுவரப் பாடுபட்டவர் அவர். நாம் இன்று பயன்படுத்தும் லிப்ரே ஆபிஸ் 2010-ல் அந்த ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்ததுதான். அதே 2010-ன் ஜூலையில், சாதிச் சான்றிதழ் தொடர்பான குற்றச்சாட்டின் பேரில் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கடும் எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே அந்த நிலை என்றால், முதல் தலைமுறை மாணவரின் ஆவணம் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

இது போராட்டமா, கணினி வகுப்பா?

சில மூத்த தோழர்கள் இப்படிக் கேட்கிறார்கள். தெருவில் இறங்க வேண்டிய நேரத்தில் மென்பொருள் பாடமா என்று. நாங்கள் பதிலுக்கு வரலாற்றைத்தான் காட்டுவோம். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். பெயரிலேயே விலையை வைத்தார். கடைக்கோடி மனிதரும் வாங்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே தெரிகிறது. 1920-ல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். நம் சொல்லை நாமே அச்சேற்ற வேண்டும் என்பது இவர்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கு அச்சு இயந்திரம். இன்றைக்கு நம் மனுவும் துண்டறிக்கையும் பயணம் செய்வது பி.டி.எஃப். வடிவத்தில். அதைத் திருத்தும் கருவி நம் கையில் இல்லையென்றால், நம் சொல்லும் நம் கையில் இல்லை.

சட்டமும் காகிதத்தை நம்பித்தான் இருக்கிறது. 2016 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வாய்மொழிப் புகாரை எழுதினால் கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும். பதிவு செய்த தகவலின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு உடனே தர வேண்டும். இவை அதிகாரியின் கடமை. வேண்டுமென்றே தவறினால் அவருக்கே தண்டனை. அந்த நகலை வாங்கி, ஸ்கேன் செய்து, தேதிவாரியாக ஒரே கோப்பாகச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பத்தை எந்த அலுவலகமும் சுலபத்தில் அலைக்கழிக்க முடியாது. இதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

என்ன செய்யலாம்

2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. நம் காலனிகளிலும் பல வீடுகளுக்கு அவை வந்தன. இன்று பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. அதில் ஒன்றை இறக்குங்கள். விண்டோஸ் திணறினால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றின் இலகுவான பதிப்பைப் போடுங்கள், காசு கிடையாது. லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ், பி.டி.எஃப். அரேஞ்சர், ஜி-இமேஜ்-ரீடர் நான்கையும் ஏற்றுங்கள். இரவுப் பாடசாலையிலோ, அம்பேத்கர் மன்றத்திலோ, யார் வீட்டுத் திண்ணையிலோ வையுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே ஒரு பென்டிரைவ் இருக்கட்டும். வேலை முடிந்ததும் கோப்பு பென்டிரைவில் போக வேண்டும், கணினியில் தங்கக் கூடாது. ஊர்க் கடையில் நடந்தது நம் மன்றத்தில் நடந்துவிடக் கூடாது அல்லவா? குறைந்தது இரண்டு பேராவது, அதில் ஒருவர் பெண்ணாகவும், இந்த வேலையைக் கற்றிருக்க வேண்டும்.

அரசிடமும் கேட்போம். படிவங்களை ஸ்கேன் செய்த படமாகப் போடாமல், யூனிகோடில், கணினியிலேயே நிரப்பும்படி கொடுங்கள். கோப்பின் அளவை இவ்வளவுக்குள் சுருக்கு என்று கட்டளையிடும் இணையத்தளமே சுருக்கித் தரும் வசதியையும் வைக்கட்டும். அந்தச் சுமையை ஏன் தறிக்கூலி வாங்குகிறவரின் தலையில் ஏற்றுகிறீர்கள்?

அந்த மாணவி இப்போது தன் தெருவில் நான்கு பேருக்கு விண்ணப்பம் முடித்துக் கொடுத்திருக்கிறார். போன வாரம் வந்த ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகை மனுவை எழுதி வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து "எவ்வளவு சாமி ஆச்சு?" என்று கேட்டார். மாணவி காசு வேண்டாம் என்றார். பிறகு, மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பாட்டிக்குப் படித்துக் காட்டினார்.

அந்த மனுவை முதலில் கேட்டது அதற்கு உரியவர்தான். எல்லா மனுக்களுக்கும் அப்படி நடக்க வேண்டும்.

ஜெய் பீம்!